சுங்கச்சாலைகள் போய்விட்டன, அவற்றின் சட்டங்களை என்ன செய்வது? இங்கிலாந்தின் டர்ன்பைக் சட்டங்கள் பற்றி ஒரு விவாதம்

#1 வழிப்போக்கன்

இங்கிலாந்தின் பழைய சுங்கச்சாலைகளை, அதாவது டர்ன்பைக்குகளைப் பற்றிக் கொஞ்ச காலமாகப் படித்துவருகிறேன். அதில் ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. உங்கள் கருத்தையும் கேட்கலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதலில் கதைச் சுருக்கம். 1555-ல் வந்த நெடுஞ்சாலைச் சட்டம், சாலைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அந்தந்த பாரிஷ் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) மக்களின் தலையில் வைத்தது. ஆண்டுக்கு நான்கு நாள் கூலி இல்லாத உழைப்பு. 1563-ல் அதை ஆறு நாளாக்கினார்கள். லண்டனிலிருந்து வடக்கே போகும் பெருவழியில் பாரவண்டிகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தன. யாரோ ஓட்டிய வண்டி தோண்டிய பள்ளத்தை வழியோர ஊர்க்காரர்கள் கூலி இல்லாமல் நின்று தூர்க்க வேண்டும். அவர்களால் எவ்வளவுதான் முடியும்? அதனால் 1663-ல் ஹெர்ட்ஃபர்ட்ஷயர், கேம்பிரிட்ஜ்ஷயர், ஹண்டிங்டன்ஷயர் ஆகிய மூன்று கவுண்டிகளுக்கு (மாவட்டம் போன்றவை) ஒரு சட்டம் வந்தது. சாலையைப் பயன்படுத்துகிறவர்களே பணம் கட்டட்டும் என்றது அது. முதல் சுங்கவாயில்களில் ஒன்று வேட்ஸ்மில் என்ற ஊரில் நின்றது.

1706-க்குப் பிறகு நிர்வாகம் டிரஸ்டிகள் என்ற பொறுப்பாளர் குழுக்களின் கைக்குப் போனது. ஒவ்வொரு சாலைக்கும் ஒரு டிரஸ்ட், ஒவ்வொரு டிரஸ்டுக்கும் பாராளுமன்றத்தில் தனிச் சட்டம். பெரும்பாலும் 21 ஆண்டு அதிகாரம். முடிந்தால் மறுபடி ஒரு சட்டம். சுங்கத்தை ஏற்ற வேண்டுமா, சாலையை நாலு மைல் நீட்ட வேண்டுமா, அதற்கும் சட்டம். 1830-களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிரஸ்டுகள், ஏறக்குறைய 20,000 மைல் சாலை, எண்ணாயிரம் வாயில்கள் இருந்தன. அப்புறம் ரயில் வந்தது, வருமானம் சரிந்தது, டிரஸ்டுகள் ஒவ்வொன்றாக மூடின. ஆங்கில்சீ தீவில் கடைசி வாயில் 1895 நவம்பர் 1-ஆம் தேதி திறந்துவிடப்பட்டது.

வாயில் போனாலும் ஏட்டில் இருந்த சட்டங்கள் எல்லாமே போய்விடவில்லை. பல சட்டங்கள் கெடு முடிந்து காலாவதியாயின. எதை நீட்டிப்பது, எதை முடிப்பது என்று ஆண்டுதோறும் வந்த தொடர்ச்சிச் சட்டங்கள் பலவற்றை முடித்துவைத்தன. ஆனால் யாரும் முறைப்படி நீக்காத சட்டங்களும் பகுதிகளும் மிஞ்சின. 1965-ல் உருவான சட்ட ஆணையத்துக்கு, வழக்கொழிந்த சட்டங்களைக் கண்டுபிடித்து நீக்கப் பரிந்துரைப்பதும் ஒரு கடமை. அதன் பரிந்துரையில் வந்த 2013-ஆம் ஆண்டின் நீக்கச் சட்டம் மட்டும் 817 சட்டங்களை முழுமையாக ஒழித்தது. டர்ன்பைக் சட்டங்களையும் ஆணையம் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்திருக்கிறது.

இது வீண் வேலை இல்லை என்பது என் கருத்து. செத்த சட்டத்தையும் முழுக்கப் படித்து, பெயர் சொல்லி நீக்க வேண்டும். அப்படியே போட்டு வைப்பதும் தப்பு, படிக்காமல் மொத்தமாகத் தூக்கி எறிவதும் தப்பு. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 கணியன்

நல்ல தொகுப்பு நண்பரே. முடிவில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

இந்தச் சட்டங்களால் இன்று யாருக்கு என்ன கெடுதல்? யாராவது நாளைக்கு சாலையில் கட்டையைப் போட்டு, மூன்றாம் ஜார்ஜ் காலத்துச் சட்டத்தைக் காட்டிப் பணம் கேட்கப் போகிறார்களா? ஒவ்வொரு சட்டத்தையும் தேடிப் படித்து, குறிப்பு எழுதி, கருத்துக் கேட்டு, மசோதா போட்டு... படித்த வழக்கறிஞர்களின் சம்பளம் மக்கள் பணம். பாராளுமன்ற நேரமும் அப்படித்தான். இன்றைக்கு வீட்டு வாடகையிலும் முதியோர் பராமரிப்பிலும் மக்களை வாட்டும் சட்டங்களைச் சீராக்க அந்த மூளைகளை உட்காரவைக்கலாமே.

#3 வழிப்போக்கன்

கணியன், நியாயமான கேள்விகள். இரண்டாகப் பிரித்துச் சொல்கிறேன்.

பாராளுமன்ற நேரம் பெரிதாகச் செலவாவதில்லை. இந்த வகை மசோதா பிரபுக்கள் சபையில் தாக்கலாகி, இரு சபை உறுப்பினர்களும் இருக்கும் ஒரு கூட்டுக் குழுவுக்குப் போய்விடும். அங்கேதான் உண்மையான பரிசீலனை. கொள்கைச் சண்டை எதுவும் இல்லாததால் சபையில் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

கெடுதல் என்ன என்பது பெரிய கேள்வி. இங்கிலாந்துச் சட்டத்தில், பயன்படுத்தாமல் விட்டதாலேயே ஒரு சட்டம் செத்துப்போகாது. ஸ்காட்லாந்தில் பழைய ஸ்காட்டிஷ் பாராளுமன்றத்தின் சட்டங்களுக்கு அப்படி ஒரு விதி உண்டு. இங்கிலாந்தில் கிடையாது. இதற்குப் புகழ்பெற்ற சாட்சி 1818-ல் நடந்த ஆஷ்ஃபர்ட் எதிர் தார்ன்டன் வழக்கு. மேரி ஆஷ்ஃபர்ட் என்ற இளம்பெண் இறந்த வழக்கில் ஆபிரகாம் தார்ன்டனை ஜூரி விடுதலை செய்தது. பெண்ணின் அண்ணன் பழைய முறைப்படி மறுபடி வழக்குப் போட்டார். தார்ன்டன் நீதிமன்றத்தில் கையுறையைக் கழற்றி வீசி, சண்டையிட்டுத் தீர்த்துக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு என்றார். அந்த உரிமையை யாரும் நினைவில் வைத்துக்கூட இருக்கவில்லை. ஆனால் நீதிபதிகளுக்கு வேறு வழியில்லை. யாரும் நீக்காததால் அது இன்னும் சட்டம்தான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அண்ணன் சண்டைக்குப் போகவில்லை, தார்ன்டன் வீட்டுக்குப் போனார். அடுத்த ஆண்டே, 1819-ல், பாராளுமன்றம் அந்த முறையை ஒழித்தது.

ஒரு பெண்ணின் சாவுக்கு நியாயம் கேட்டு வந்த குடும்பம், யாரும் துடைக்காமல் விட்ட ஒரு விதியில் மோதி நின்றது. டர்ன்பைக் சட்டங்களில் அவ்வளவு பெரிய ஆபத்து இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எது உயிரோடு இருக்கிறது, எது இல்லை என்று ஒரு குடிமகனால் சொல்ல முடியாத நிலை நல்லதில்லை.

#4 தாழம்பூ

எனக்கு வேறு கவலை. நான் வரலாறு படித்தவள். ஒரு டர்ன்பைக் சட்டத்தைப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் காலத்து வாழ்க்கை முழுக்க அதில் கிடக்கிறது. எத்தனை குதிரை பூட்டிய வண்டிக்கு எவ்வளவு, ஒரு இருபது மாட்டு மந்தைக்கு எவ்வளவு, பன்றிக்கும் ஆட்டுக்கும் எவ்வளவு என்று பட்டியல் இருக்கும். யாரெல்லாம் கட்ட வேண்டாம் என்பது அதைவிடச் சுவையானது: ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போகிறவர்கள், சவ ஊர்வலம், அணிவகுத்துப் போகும் சிப்பாய்கள், தேர்தலில் வாக்களிக்கப் போகிறவர்கள், வயலுக்கு எரு ஏற்றிப் போகும் வண்டிகள். 1785 முதல் தபால் வண்டிகளுக்கும் சுங்கம் இல்லை; கொம்புச் சத்தம் கேட்டால் வாயில்காரர் ஓடிவந்து திறந்துவிட வேண்டும்.

1753-ல் அகலச் சக்கரச் சட்டம் என்று ஒன்று. குறுகிய சக்கரம் சாலையைக் கிழிக்கிறது என்று, கனரக வண்டிகளின் சக்கரம் ஒன்பது அங்குலம் அகலமாவது இருக்க வேண்டும் என்றார்கள். சுங்க வசூல் உரிமையை ஏலம் விடுவதற்கு 1773-ஆம் ஆண்டுப் பொதுச்சட்டம் மணற்கடிகாரம் வைக்கச் சொல்கிறது. ஒரு நிமிட மணல். மூன்று முறை கவிழ்த்த பிறகும் யாரும் கூட்டிக் கேட்காவிட்டால் கடைசியாகக் கேட்டவருக்கு. இதையெல்லாம் "வழக்கொழிந்தது, தேவையற்றது" என்று முத்திரை குத்தி நீக்குவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. நீக்கிய சட்டத்தை அப்புறம் யார் தேடிப் படிப்பார்கள்?

#5 வழிப்போக்கன்

தாழம்பூ, மணற்கடிகாரச் செய்தியைச் சேர்த்ததற்கு மிக்க நன்றி. நீக்கினால் ஆவணம் அழியாது. நீங்குவது சட்டத்தின் அதிகாரம் மட்டும்தான். 1834-ல் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை எரிந்தபோது மக்கள் சபையின் பதிவேடுகள் பெரும்பாலும் சாம்பலாயின. சட்டங்களின் மூலச் சுருள்கள் தள்ளி இருந்த ஜுவல் டவரில் பத்திரமாக இருந்ததால் பிழைத்தன. உங்கள் டர்ன்பைக் சட்டங்களும் அந்தத் தோல் சுருள்களில்தான். எந்த நீக்கச் சட்டமும் அவற்றைத் தொடுவதில்லை.

யார் தேடிப் படிப்பார்கள் என்றீர்களே, நீக்குவதற்காகத்தான் பல சட்டங்களை நூறு ஆண்டுகளுக்குப் பிறகு முதல்முறையாக ஒருவர் திறந்து படிக்கிறார். ஆணையத்தின் அறிக்கைகளில் ஒவ்வொரு சட்டத்துக்கும், அது ஏன் வந்தது, எப்போது வேலை முடிந்தது என்று ஒரு குறிப்பு இருக்கும். வரலாற்றுக்கு அது லாபம் என்றே எனக்குப் படுகிறது.

#6 செங்காந்தள்

எரு வண்டிக்கு விலக்கு என்று தாழம்பூ அக்கா எழுதியதைப் படித்ததும் வேல்ஸ் ஞாபகம் வந்தது. அந்தப் பக்கத்தைச் சொல்லாமல் இந்த இழை முழுமையாகாது.

தென்மேற்கு வேல்ஸ் மண் புளிப்பு மண். சுண்ணாம்பு போடாமல் விளைச்சல் இல்லை. விவசாயி சூளைக்குப் போய் சுண்ணாம்பு ஏற்றிவர வேண்டும். அந்த வண்டிக்கு வழியெல்லாம் சுங்கம். சிறு சிறு டிரஸ்டுகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாயில். ஒன்றைத் தாண்டினால் அடுத்தது. வசூல் உரிமையை ஏலம் எடுத்த குத்தகைக்காரர்கள் குறுக்குப் பாதைகளிலும் பக்கவாயில் வைத்து மறித்தார்கள். சூளையில் சுண்ணாம்புக்குக் கொடுத்ததைவிட வழியில் கொடுத்தது அதிகம் என்கிற அளவுக்கு ஆனது. அதோடு வாடகை, தேவாலய வரி, விளைச்சலும் மோசம்.

1839 மே மாதம் எஃபைல்வென் வாயிலை உடைத்தார்கள். ஆண்கள் பெண் உடை உடுத்தி, முகத்தில் கரி பூசி, தலைவரை "ரெபெக்கா" என்று அழைத்து வந்தார்கள். ஆதியாகமம் 24-ஆம் அதிகாரத்தில், உன் சந்ததி பகைவர்களின் வாசல்களைக் கைப்பற்றட்டும் என்று ரெபெக்காளை வாழ்த்தும் வசனத்திலிருந்து அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். 1843-ல் கலகம் உச்சத்துக்குப் போனது. அந்த செப்டம்பரில் ஹெண்டி வாயிலைக் காத்த சாரா வில்லியம்ஸ் என்ற முதியவர் சுடப்பட்டு இறந்தார். இறப்புக்குக் காரணம் தெரியவில்லை என்று விசாரணை ஜூரி எழுதிக் கொடுத்தது. எனக்கு இந்த இடம் ஆறவே இல்லை. சட்டத்தை எழுதியவர்கள் வாயிலில் நிற்கவில்லை. நின்றவர் கூலிக்கு வேலை பார்த்த ஒரு வயதான பெண்.

அரசு விசாரணைக் குழு அனுப்பியது. 1844-ல் வந்த சட்டம் தென்வேல்ஸ் டிரஸ்டுகளைக் கலைத்து, கவுண்டி சாலை வாரியங்களிடம் ஒப்படைத்து, சுண்ணாம்புச் சுங்கத்தைப் பாதியாக்கியது. போராடியவர்களில் சிலர் அதற்குள் நாடுகடத்தப்பட்டிருந்தார்கள்.

இங்கிலாந்திலும் இது புதிதல்ல. பிரிஸ்டலில் 1727-லும் 1749-லும் வாயில்களை உடைத்தார்கள். வாயிலை உடைத்தால் மரண தண்டனை என்று 1735-ல் ஒரு சட்டமே வந்தது. இந்தச் சட்டங்கள் ஏட்டில் "வெறுமனே" கிடந்தவை இல்லை, மக்கள் முதுகில் விழுந்தவை. அதனால்தான் முறைப்படி நீக்க வேண்டும் என்ற பக்கம் நான் நிற்கிறேன். தானாக மக்கிப் போகட்டும் என்று விடுவது அந்த மக்களுக்குச் செய்யும் மரியாதை அல்ல.

#7 கணியன்

செங்காந்தள், அருமையான பதிவு. சாரா வில்லியம்ஸ் பற்றி இப்போதுதான் படிக்கிறேன்.

சரி, நீக்குவது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரே வரியில் முடிக்கலாமே? "1850-க்கு முன் வந்த சுங்கச்சாலைச் சட்டங்கள் அனைத்தும் இதனால் நீக்கப்படுகின்றன." ஒரு நாள் வேலை. ஒவ்வொன்றையும் படிப்பது எதற்கு?

#8 ஆற்றங்கரை

இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அப்படி ஒரு பழைய சட்டத்துக்கு நான் இன்றும் பணம் கட்டுகிறேன்.

ஆக்ஸ்ஃபர்டுக்கு மேற்கே, ஐன்ஷம் ஊருக்குப் பக்கத்தில் தேம்ஸ் மேல் ஸ்வின்ஃபர்ட் சுங்கப் பாலம் இருக்கிறது. 1767-ல் சட்டம், 1769-ல் பாலம். ஆபிங்டன் பிரபுவுக்கும் அவருக்குப் பின் உரிமை பெறுகிறவர்களுக்கும் சுங்கம் வசூலிக்கும் உரிமையை அந்தச் சட்டம் கொடுத்தது. அந்த வருமானத்துக்கு வரியும் கிடையாது. பக்கத்தில் ஆற்றைக் கடக்க வேறு பாலம் கட்டக்கூடாது என்றும் தடை போட்டது. பாலம் கைமாறிக் கைமாறி இன்று தனியார் வசம் இருக்கிறது, 2009-ல்கூட ஏலத்தில் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. காருக்கு 5 பென்ஸ். நடந்து போனால், சைக்கிளில் போனால் இலவசம். அந்த 5 பென்ஸுக்காகக் காலையிலும் மாலையிலும் நிற்கும் வண்டி வரிசையைப் பார்த்தால் வயிறு எரியும்.

கணியன் சொல்கிற மாதிரி ஒரே வரியில் எல்லாவற்றையும் நீக்கினால் என் பாலத்துச் சட்டமும் போய்விடும். எனக்குச் சந்தோஷம்தான்! ஆனால் மறுநாள் காலையில் பாலத்தை யார் பழுதுபார்ப்பது? பணம் கொடுத்து வாங்கியவருக்கு நஷ்டஈடு யார் கொடுப்பது? அதையெல்லாம் முடிவு செய்யாமல் ஒரு பட்டியலின் ஓரத்தில் அதைத் தூக்கிப் போட முடியாது. அதே தேம்ஸில் ரெடிங் பக்கம் விட்சர்ச் பாலமும் 1792-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் ஓடுகிறது.

#9 வழிப்போக்கன்

ஆற்றங்கரை சொன்னதுதான் இதன் மையம். உயிருள்ளது எது, செத்தது எது என்று தலைப்பைப் பார்த்துத் தெரியாது. ஒரே சட்டத்திற்குள் ஒரு சாலை, ஒரு பாலம், சில சமயம் ஒரு ஊரின் தெரு விளக்கும் நடைபாதையும்கூட இருக்கும். சாலைப் பகுதி செத்திருக்கும், பாலப் பகுதி செத்திருக்காது. படித்தால்தான் தெரியும்.

ஆணையம் அதனால்தான் முதலில் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டு, சம்பந்தப்பட்ட அரசுத் துறைக்கும் உள்ளூர் மன்றங்களுக்கும் அனுப்பி, ஆட்சேபம் உண்டா என்று கேட்கிறது. பழைய ஆவணங்களைக் காப்பவர் எவராவது "இது இன்னும் தேவை" என்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

#10 மைல்கல்

ஒரு சந்தேகம். டிரஸ்ட் கட்டிய சுங்க வீடுகள் பல இன்று சாதாரண வீடுகளாக இருக்கின்றன, மக்கள் குடியிருக்கிறார்கள். டிரஸ்டைக் கலைத்தபோது வீட்டை விற்றார்கள். விற்கும் அதிகாரம் டர்ன்பைக் சட்டத்திலிருந்து வந்தது. அந்தச் சட்டத்தையே நீக்கினால் வீட்டுப் பத்திரம் ஆட்டம் காணாதா? சாலையின் கதி? சாலை பொதுச் சொத்து என்பதற்கு அந்தச் சட்டம்தானே ஆதாரம்?

#11 வழிப்போக்கன்

வீட்டுக்காரர்கள் பயப்பட வேண்டாம். 1978-ஆம் ஆண்டுப் பொருள்விளக்கச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. ஒரு சட்டத்தை நீக்குவதால், அதன்படி ஏற்கனவே கிடைத்த உரிமையோ ஏற்பட்ட கடமையோ பாதிக்கப்படாது. அந்தச் சட்டம் வந்தபோது ஒழிந்துபோன எதுவும் மறுபடி உயிர்பெறாது. அன்று முறையாக விற்ற வீடு இன்றும் விற்ற வீடுதான்.

சாலைக்கு அதைவிடப் பழைய கோட்பாடு ஒன்று, நீதிமன்றத் தீர்ப்புகள் வழி வளர்ந்தது, உண்டு: ஒருமுறை பொதுவழி என்றால் என்றும் பொதுவழி. டிரஸ்டுகள் பெரும்பாலும் புதுவழி உண்டாக்கவில்லை. இருந்த வழியில் சுங்கம் வாங்கிப் பழுதுபார்த்தார்கள். டிரஸ்ட் போன பிறகு பராமரிப்பு மட்டும்தான் கேள்வி. 1878-ஆம் ஆண்டுச் சட்டம், 1870-க்குப் பிறகு சுங்கத்திலிருந்து விடுபட்ட டர்ன்பைக் சாலைகளைப் பிரதான சாலைகளாக்கி, பாதிச் செலவை கவுண்டி ஏற்க வைத்தது. 1888-ல் கவுண்டி மன்றங்கள் பிறந்தபோது முழுப் பொறுப்பும் அங்கே போனது.

ஒன்று மட்டும் நீங்கள் சொன்னதில் முக்கியம். இந்தப் பாதை பொதுவழியா இல்லையா என்ற வழக்குகளில் டர்ன்பைக் சட்டமும் அதோடு கொடுத்த வரைபடமும் இன்றும் சான்றாக வருகின்றன. நீக்கிய பிறகும் அந்தச் சான்று மதிப்பு குறையாது. அது நடந்ததைச் சொல்லும் ஆவணம்.

#12 தாழம்பூ

பெயருக்கேற்ற கேள்வி கேட்டீர்கள் மைல்கல். அந்தச் சாலைகளில் மைல்கல் நடுவது டிரஸ்டுகளின் கடமையாக இருந்தது. இன்றும் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. பலவற்றுக்கு மரபுச் சின்னப் பாதுகாப்பு உண்டு. அந்தப் பாதுகாப்பு வேறு சட்டத்திலிருந்து வருவதால் இந்த நீக்கங்கள் கற்களைத் தொடாது.

#13 தென்திசை

இடையில் ஒரு செய்தி. 2013-ல் நீக்கிய அதே பட்டியலில், பிரிட்டிஷ் இந்தியாவிலும் அதைச் சுற்றியும் ஓடிய ரயில் கம்பெனிகளுக்காக 1849 முதல் 1942 வரை வந்த 38 சட்டங்களும் இருந்தன. நாடு விடுதலையாகி 65 ஆண்டு கழித்தும் அவை லண்டனின் ஏட்டில் இருந்திருக்கின்றன. டர்ன்பைக்கைக் கொன்றது ரயில். இரண்டின் சட்டத்தையும் ஒரே ஆணையம் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

#14 கணியன்

மொத்தமாக நீக்கக்கூடாது என்பது ஸ்வின்ஃபர்ட் கதையால் புரிந்தது. செலவு பற்றிய என் கருத்து மாறவில்லை; இதற்கு ஒரு சிறு குழு போதும், அவசரமும் இல்லை.

ஒரு கேள்வி மட்டும். சாதாரண ஆள் ஒருவர் தன் ஊர்ச் சாலையின் சட்டம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வழி உண்டா?

#15 வழிப்போக்கன்

உண்டு, கொஞ்சம் பொறுமை வேண்டும். பழைய சட்டங்களுக்கு இன்றுபோல் சுருக்கப் பெயர் கிடையாது. மன்னரின் ஆட்சி ஆண்டும் அத்தியாய எண்ணும்தான் அடையாளம். 1822-ஆம் ஆண்டு டர்ன்பைக் பொதுச்சட்டம் என்றால் "நான்காம் ஜார்ஜ், 3-ஆம் ஆண்டு, அத்தியாயம் 126". உள்ளூர்ச் சட்டங்களைத் தனி வரிசையாக அச்சிடத் தொடங்கியது 1797-ல்தான். அதற்கு முந்தைய டர்ன்பைக் சட்டங்கள் பெரும்பாலும் பொதுச்சட்டங்களோடு கலந்து கிடக்கும். 1797-க்குப் பிந்தையவற்றுக்கு, உள்ளூர்ச் சட்டங்களின் காலவரிசை அட்டவணை ஒன்றை இங்கிலாந்து, ஸ்காட்லாந்து சட்ட ஆணையங்கள் சேர்ந்து தயாரித்து 1996-ல் வெளியிட்டன. ஒவ்வொரு சட்டத்துக்கும் நேரே, நீக்கப்பட்டதா, எதனால், எப்போது என்று இருக்கும். முதலில் சாலையின் இரு முனை ஊர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். டர்ன்பைக் சட்டங்களின் தலைப்பில் பெரும்பாலும் "இன்ன ஊரிலிருந்து இன்ன ஊர் வரை" என்று வரும்.

#16 ஆற்றங்கரை

இந்த அட்டவணை பெரிய நூலகங்களில் கிடைக்கும். ஐன்ஷமிலிருந்து விட்னி பக்கம் போகும் பழைய சாலையும் டர்ன்பைக் ஆக இருந்ததுதான். அதன் சட்டங்களை நான் தேடிப் பார்க்கிறேன். கிடைத்ததும் சுங்கப் பட்டியலை இங்கேயே போடுகிறேன், தாழம்பூ.

#17 தாழம்பூ

கட்டாயம் போடுங்கள். விலக்குப் பட்டியலையும் விடாதீர்கள்.